வாணியின் கம்ப்யூட்டருக்கு ஒரு கார்டு

ஊரிகம்,
4 பிப்ரவரி 2024

மகன் மனோகருக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். உன் மகள் மமதா காலேஜுக்கு ரயிலில் போய் வருகிறாள். உன் பெண்டாட்டி வாணி இருக்கிறாள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

போன வாரம் உன் வக்கீல் வந்தார். நாற்காலி போட்டுக் காபி கொடுத்தேன். வாணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு நான் பார்த்ததைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். நீயும் வாணியும் உள்ளே கத்திக்கொண்டிருந்தீர்கள். நான் வெளியே குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தேன். நீ கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கிராபிக்ஸ் கார்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தாய். துவைக்கிற கல்லில் வைத்துக் கருங்கல்லால் அடித்தாய். வாணி ஓடி வந்து அதன் மேல் விழுந்தாள். நீ உள்ளே போய் ஆசிட் ஜாடியோடு திரும்பினாய். அப்புறம் அவள் அலறினாள். வலது கை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வெந்து போயிருந்தது. குடத்துத் தண்ணீரை அவள் மேல் கொட்டினது நான்தான். ஜாடி சாய்ந்தபோது உன் முதுகைத்தான் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை.

வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "அம்மா, கார்டுல தங்கம் இருக்குது. அதை எடுக்கத்தான் ஆசிட் கொண்டாந்தான். உங்க மருமக இழுத்ததுல கை தவறிடுச்சு. இதை நீங்க கோர்ட்ல சொன்னா அவன் வெளிய வருவான். சொல்லலைன்னா பத்து வருஷத்துக்குக் குறையாது. பார்த்த சாட்சி நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். தங்கம் என்றால் இந்தத் தங்கச் சுரங்க ஊர் ஆண்பிள்ளைக்குப் புத்தி பேதலிக்கும் என்பது எனக்குத் தெரியாததா? சுரங்கம் கழித்துப் போட்ட சயனைடு மண்ணை மூட்டை கட்டித் தூக்கினவனையும் பார்த்திருக்கிறேன், பாதரசம் காய்ச்சிப் பல் கொட்டினவனையும் பார்த்திருக்கிறேன். நீயும் பெங்களூரிலிருந்து பழைய கம்ப்யூட்டர் குப்பையை மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்து பின்கட்டில் ஆசிட் காய்ச்சினவன்தானே. ஆனால் வாணி வேறு சொல்கிறாள். ஊற்றிவிட்டு, "இனிமே மவுசைப் புடிடி பாக்கலாம்" என்று நீ சொன்னாயாம். குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் என் காதில் அது விழவில்லை.

இப்போது நான் எழுத வந்த விஷயம். ஆண்டர்சன்பேட்டை ஸ்டூடியோக்காரர் கல்யாண வீடியோ வேலையை மறுபடியும் வாணிக்கே தருகிறேன் என்கிறார். இடது கையில் மவுஸ் பிடிக்கப் பழகிவிட்டாள். கம்ப்யூட்டர்தான் கிடக்கிறது. கார்டு இல்லாமல் திரையில் ஒன்றுமே தெரியாதாம். கடையில் போய்க் கேட்டால், "எந்த போர்டு, எத்தனை வாட் சப்ளை" என்று நம்மையே கேட்கிறான். அதைக் கட்டினவன் நீ. நீயே உடைத்தாய், என்ன வாங்குவது என்று நீயே சொல். சின்னச் சம்பாத்தியத்துக்குள் அடங்குகிற கார்டாகச் சொல்.

பக்கத்து லைன் வீட்டு முனியப்பன் என்னைப் பார்த்து, "ஆசிட்டைப் பெத்த மவராசி போறா பாரு" என்றான். கையில் தூக்குச்சட்டி இருந்தது. அவன் வாயிலேயே ஒரு போடு போட்டேன். முன்பல் ஒன்று ஆடுகிறதாம். ஆடட்டும். என் பிள்ளையைத் திட்ட எனக்கு மட்டும்தான் வாய் உண்டு.

உன் அம்மா,
ரத்தினம்மா

*

சிறை, விசாரணைக் கைதிகள் பகுதி,
19 பிப்ரவரி 2024

என் தெய்வமான அம்மாவுக்கு,

மனோகரன் காலில் விழுந்து எழுதுகிறேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் கண்ணில் வைத்துக்கொண்டேன். இங்கே கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், அதனால் மனசில் இருப்பதை எல்லாம் எழுத முடியாது. நீ புரிந்துகொள்வாய்.

இங்கே மனுஷன் இருக்கிற இடமா அம்மா? போன செவ்வாய்க்கிழமை குளிக்கிற தொட்டியடியில் ஒருத்தன் என்னைப் பெண்டாட்டி கையை வேகவைத்தவன் என்று சொன்னான். அவன் தலையைத் தொட்டி விளிம்பில் மோதினேன். தண்ணீரெல்லாம் சிவப்பாகிவிட்டது. அவன் ஆட்கள் நாலு பேர் என்னை மிதித்தார்கள். விலாவில் இன்னும் மூச்சு இழுத்தால் குத்துகிறது. இப்போது யாரும் என்னிடம் பேசுவதில்லை. அதுவும் நல்லதுதான்.

கார்டு விஷயம். மமதாவிடம் சொல், பெட்டியின் படத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். நம்முடைய போர்டு ஆபீஸ் குப்பையில் எடுத்தது, நல்ல போர்டு. ஆனால் பவர் சப்ளை நானூற்றைம்பது வாட் என்று ஸ்டிக்கர் போட்டிருக்கும், அதை நம்பாதே, உண்மையில் அவ்வளவு தராது. அதனால் தனியாக ஆறு முள், எட்டு முள் ஒயர் கேட்கிற கார்டு வேண்டவே வேண்டாம். போர்டிலிருந்தே கரண்டு எடுத்துக்கொள்கிற கார்டுதான் நமக்கு. 1650 என்று நம்பர் போட்டது, நாலு ஜிபி, ஒரே ஃபேன் வைத்த குட்டையான கார்டு. கல்யாண வீடியோவுக்கு அது தாராளம். ரெண்டு ஃபேன் வைத்த நீளக் கார்டு வாங்கினால் நம் பெட்டியில் ஹார்ட் டிஸ்க் இருக்கிற இடத்தில் போய் இடிக்கும்.

580 என்று ஒன்று சல்லிசாகக் காட்டுவார்கள். அது மைனிங் கார்டாக இருக்கும். கம்ப்யூட்டர் காசு தோண்டுகிறேன் என்று ராத்திரி பகலாக வருஷக்கணக்கில் ஓட்டிக் களைத்ததை நம் தலையில் கட்டுவார்கள்.

நீங்கள் கடைகடையாக அலைய வேண்டாம். லாய்டுக்குச் சொல்லிவிட்டேன். உனக்குத் தெரியுமே, என்னோடு பெங்களூரில் குப்பை பொறுக்கினவன். அவன் ஒரு கார்டு கொண்டு வந்து மாட்டித் தருவான். வீட்டில் எல்லாம் எப்படி இருக்கிறது என்று அவன் கண்ணால் நான் பார்த்துக்கொள்வேன்.

அம்மா, பார்த்ததைத்தான் சொல்லப்போகிறாய். கை தவறினதைத்தானே பார்த்தாய்? வாணியிடம் கோபம் இல்லை என்று சொல். மமதாவுக்கு முத்தம்.

உன் பிள்ளை,
மனோகர்

*

ஊரிகம்,
10 மார்ச் 2024

மனோகருக்கு அம்மா எழுதுவது.

விலாவுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்க யாராவது இருப்பார்களா? சண்டைக்குப் போகாதே. போனால் தோற்றுவிட்டு வராதே. இது இரண்டும் நான் உனக்கு ஒரே நாளில் சொல்லிக்கொடுத்தது, அதுதான் தப்பாகப் போயிற்றோ என்னமோ.

லாய்டு வந்தான். கறுப்புக் கண்ணாடி, கையில் கேக் டப்பா. மமதா மைனிங் கார்டு வேண்டாம் என்று அவனிடம் அடித்துச் சொன்னாள். நானும் சொன்னேன், "மைனிங் பண்ண ஒரு ஆளைத்தான் கட்டிகினு அவுரு இருமி இருமியே போய்ச் சேந்தாரு, இன்னொண்ணு இந்த ஊட்டுக்கு வாணாம்ப்பா" என்று. சிரித்தான். பெட்டியைத் திறந்து ஒரு கார்டைச் சொருகினான். திரையில் படம் வந்தது. வாணி முகத்தில் ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் பார்த்தேன். அரை நாழிகை ஓடியிருக்கும். திரை முழுக்க பச்சையும் ரோஜாவுமாகக் கோடு விழுந்து அப்படியே உறைந்துவிட்டது.

லாய்டு அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வாணி பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கோர்ட் வருது இல்ல அண்ணி. மனோ ரொம்ப நல்லவன். நாலு பேரு அவனுக்காக இன்னா வேணா செய்வாங்க" என்றான்.  வாணி மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். நான், "கேக்கை எடுத்துகினு கெளம்பு" என்றேன். கார்டை வைத்துவிட்டுப் போனான். அவனை நீ மிரட்டச் சொல்லி அனுப்பியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

மமதா அந்தக் கார்டைக் கழற்றிப் பார்த்தாள். போர்டில் சொருகுகிற இடத்தில் சீப்புப் பல் மாதிரி மஞ்சளாக வரிசையாக இருக்கிறதே, அது இதில் மங்கித் தேய்ந்து கிடக்கிறது. "ஆயா, இதை யாரோ சுரண்டியிருக்காங்க" என்கிறாள். அவள் காலேஜில் ஒரு பையன் தன் பழைய 1650 கார்டை விற்கிறானாம். நீ சொன்ன அதே குட்டைக் கார்டு. அதன் பல்லும் கொஞ்சம் கறுத்திருக்கிறதாம். வாங்கலாமா? பல்லைப் பார்த்துக் கார்டின் ஆயுசு சொல்ல முடியுமா? யாராவது தங்கத்துக்காகப் பல்லை எடுத்துவிட்டு விற்பார்களா? உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி. சீக்கிரம் பதில் போடு. ஸ்டூடியோக்காரர் மாசி முகூர்த்தத்தையே வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

சம்மன் வந்துவிட்டது. என் பேரைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

அம்மா,
ரத்தினம்மா

*

சிறை,
28 மார்ச் 2024

அருமை அம்மாவுக்கு,

லாய்டு கொண்டு வந்தது குப்பை என்று கேட்டுச் சிரித்தேன். அவனுக்கு எப்போதும் அரைகுறைதான். அவன் மனசில் ஒன்றும் இல்லை, வாணிக்கு ஆறுதல் சொல்லத்தான் சொன்னேன்.

மமதா கெட்டிக்காரி, என் ரத்தம். ஆனால் அவளுக்கு இந்தத் தொழில் தெரியாது. பல் கறுத்திருந்தால் பயப்படாதே. பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் மஞ்சள் திரும்பும். கறுப்பு என்பது கை அழுக்கு. ஆழமாகக் கீறல் இருந்தால்தான் வேண்டாம். ஃபேனை விரலால் சுற்றிப் பார்க்கட்டும், தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஓடவிட்டு ஒரு மணி நேரம் வீடியோ வெட்டிப் பார்க்கட்டும். கோடு விழவில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

தங்கத்துக்காகப் பல்லை எடுத்துவிட்டு விற்பார்களா என்று கேட்டிருக்கிறாய். அம்மா, நீ கேஜிஎஃப்காரி என்பது இதில் தெரிகிறது! பல் போனால் கார்டு செத்துப்போச்சு, யார் வாங்குவான்? இந்த ஊரில் எல்லாரும் கம்ப்யூட்டருக்குள் தங்கக் கட்டி இருக்கிறது என்று நினைக்கிறார்கள். ஒரு கார்டில் இருக்கிற தங்கத்தை எறும்பு கூடத் தூக்கிக்கொண்டு போகாது. பெங்களூரில் ஐந்து வருஷம் செய்த எனக்குத் தெரியாதா? முதல் வேலை, கட்டரால் பல்லை மட்டும் நறுக்கி எடுக்கிறது. மற்றதை ஆசிட் கிட்டேயே கொண்டு போகக் கூடாது, செம்பு எல்லாம் கரைந்து ஆசிட் கெட்டுவிடும். நறுக்கின பல்லைச் சாக்கில் சேர்த்துக்கொண்டே வரவேண்டும். சாக்கு நிறைந்தால்தான் ஜாடியைத் திறப்போம். ஒற்றைக் கார்டுக்காக ஆசிட் ஜாடியைத் திறக்கிறவன் தொழில்காரனே இல்லை, பைத்தியக்காரன். லாய்டு கூட அதைச் செய்யமாட்டான்.

ஆகையால் பயமில்லாமல் அந்தப் பையனிடம் வாங்குங்கள். அப்பா தேர்ந்தெடுத்த கார்டு என்று மமதாவிடம் சொல்.

கோர்ட்டில் நீ என் பக்கம் உட்கார்ந்தால் போதும். அதுவே எனக்கு ஆயிரம் யானை பலம்.

உன் மகன்,
மனோகர்

*

ஊரிகம்,
21 ஏப்ரல் 2024

மனோகருக்கு,

உன் கடிதத்தை மமதா வாசித்தாள். கட்டர், சாக்கு என்று வந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். நான் வாங்கி நானே வாசித்தேன். எழுத்துக்கூட்டி மறுபடியும் வாசித்தேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்றாலும் நீ எழுதினதைப் புரிந்துகொள்ள அது போதும்.

பெரிய டிரங்குப் பெட்டியில் அந்த உடைந்த கார்டு இருக்கிறது. போலீஸ் எடுத்துப் போனது ஜாடியை மட்டும்தான். மமதா அதைப் பழைய பாவாடையில் சுற்றி வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன். நடுவில் ரெண்டாகப் பிளந்திருக்கிறது. ஃபேன் நொறுங்கிவிட்டது. பல் வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது. நறுக்கவில்லை. அன்றைக்குத் துவைக்கிற கல்லில் கட்டர் இல்லை. சாக்கும் இல்லை. பின்கட்டில் அந்த மாதம் நீ ஒரு மூட்டை குப்பை கூடக் கொண்டு வந்திருக்கவில்லை. கார்டை நீ கல்லால் அடித்துக் கொன்றாய், அப்புறம் உள்ளே போனாய், அப்புறம் ஜாடியைத் திறந்துகொண்டு வந்தாய். ஒற்றைக் கார்டுக்கு ஜாடி திறக்கிறவன் பைத்தியக்காரன் என்று நீயே எழுதியிருக்கிறாய். நீ பைத்தியக்காரன் இல்லை. அந்த ஜாடியைத் திறந்தது அவள் கைக்காகத்தான்.

தங்கத்து மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று நானும்தான் இருந்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது. இந்த ஊரில் யாரும் நம்புவார்கள். நானே நம்பினேனே.

இன்னொன்றும் நடந்துவிட்டது. வியாழக்கிழமை மத்தியானம் லாய்டு மறுபடியும் வந்தான். இந்த முறை கேக் இல்லை. வாணி அந்தப் பையனிடம் வாங்கின கார்டைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள், மமதா ஸ்குரூ பிடித்துக்கொண்டிருந்தாள். லாய்டு மேஜை மேலிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்து வாணியின் இடது கையின் மேல் வைத்து அழுத்தினான். "இந்தக் கையும் ஷோக்கா வேலை செய்யுதே அண்ணி. இது நல்லா இருக்கணுமா வாணாமான்னு மனோ கேட்டுகினு வரச் சொன்னான்" என்றான். ரத்தம் வந்துவிட்டது. மமதா கீபோர்டைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தாள். எழுத்துப் பொத்தானெல்லாம் சிதறிற்று. அவன் குழந்தையின் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். லைன் வீட்டுச் சுவர், காரை பெயர்ந்து கொட்டிற்று. அவள் நெற்றியில் நாலு தையல்.

எனக்கு எழுபத்தொரு வயசு. கதவுக்குப் பின்னால் கடப்பாரை இருந்தது. தூக்க முடியுமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. முட்டியைப் பார்த்து வீசினேன். காய்ந்த விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. கீழே விழுந்து, "கிழவி, கிழவி" என்று கத்தினான். "கெழவிதான்டா. இன்னொரு முட்டி கீதே, அதுவும் நல்லா இருக்கணுமா வாணாமா?" என்று கேட்டேன். தவழ்ந்தே வாசலுக்குப் போனான். சத்தம் கேட்டு வந்த முனியப்பன்தான் அவனைக் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் விட்டது. ஆடுகிற பல்லோடு என்னைப் பார்த்து, "யக்கா, நான் தூக்குச்சட்டியோட தப்பிச்சேன்" என்றான்.

லாய்டு ஆஸ்பத்திரியில் போலீசிடம் யார் அனுப்பினது என்று சொல்லிவிட்டான்.

நான் கோர்ட்டுக்கு வருவேன். பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொல்வேன். என்ன செய்யப் போகிறேன் என்று உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம். முதுகுக்குப் பின்னால் செய்கிற வழக்கம் எனக்கு இல்லை.

ரத்தினம்மா

*

சிறை,
6 மே 2024

அம்மா,

படித்தேன். எழுத்து கோணல்மாணலாக வந்தால் மன்னித்துக்கொள்.

மருமகளுக்காகப் பெற்ற பிள்ளையைப் பலி கொடுக்கிறவளை நம் ஜனத்தில் கேள்விப்பட்டதுண்டா? அவள் நாளைக்கு வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவாள். மமதா கல்யாணமாகிப் போய்விடுவாள். அந்த லைன் வீட்டில் நீ விழுந்து கிடந்தால் யார் தூக்குவான்? உனக்குக் கொள்ளி யார் வைப்பான்? நான் ஒருத்தன்தானே? அப்பாவுக்கு நான் வைத்தேனே, என் பதினாலு வயசில், மொட்டை அடித்துக்கொண்டு. மறந்துவிட்டாயா?

கோபத்தில் ஒரு நிமிஷம். அவ்வளவுதான் அம்மா. என்னை மதிக்காமல் எந்நேரமும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோறு கேட்டால், "ரெண்டு நிமிசம், வீடியோ ரெண்டரிங் ஓடுது" என்கிறாள். ஸ்டூடியோக்காரன் போன் பண்ணினால் சிரிக்கிறாள். ஆம்பிளை எவ்வளவு நாள் பொறுப்பான்? நீயே சொல். அப்பா உன் மேல் கை வைத்ததில்லையா? நீ போலீசுக்குப் போனாயா?

கை தவறியது என்று ஒரே ஒரு வாக்கியம். அதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டேன். சொன்னால் உன் காலடியில் நாய் மாதிரி கிடப்பேன். சொல்லாவிட்டால், பத்து வருஷம் என்றாலும் அது ஒரு நாள் முடியும். முடிகிற அன்றைக்கு நான் எங்கே வருவேன் என்று யோசித்துக்கொள். இதைப் படிக்கிற சார் தப்பாக நினைக்கவேண்டாம், வீட்டுக்கு வருவேன் என்றுதான் சொல்கிறேன்.

மனோகர்

*

ஊரிகம்,
15 செப்டம்பர் 2024

மனோகருக்கு,

உன் மே மாதத்துக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. கோர்ட்டில் பதில் சொல்லிவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். நடுவில் அவர்கள் விசாரணையைத் தள்ளித் தள்ளி வைத்துவிட்டார்கள்.

நான் சாட்சி சொன்ன அன்றைக்கு நீ கூண்டில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். இளைத்துவிட்டாய். உன் வக்கீல் என்னிடம் வந்து, கன்னடத்தில் பாட்டி முறை வைத்து, "அஜ்ஜி, இந்த வயசுல கண்ணு சரியா தெரியுமா?" என்று கேட்டார். "உங்க கோட்டுல ரெண்டாவது பொத்தானை மூணாவது ஓட்டையில போட்டிருக்கீங்க சார், அது தெரியுது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நீதிபதியம்மா கூட. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கல், அப்புறம் உள்ளே போனது, அப்புறம் ஜாடி. அந்த வரிசையில் சொன்னேன். அந்த உடைந்த கார்டைக் கொடுத்தேன். பல் நறுக்காமல் இருப்பதைக் காட்டினேன். ஜாடியைக் கொண்டு வந்தபோது மூடி இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அவள் இழுத்தாளா என்று கேட்டார்கள். அவள் தரையில் விழுந்து கார்டுத் துண்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், இவன் நின்றுகொண்டிருந்தான், நின்றவன் கையை விழுந்தவள் எப்படி இழுப்பாள் என்றேன். "பெத்த புள்ள மேல சாட்சி சொல்றீங்களே" என்றார் உன் வக்கீல். "வேற யாரு பாத்தாங்க, அவங்களைக் கூப்புடுங்க, நான் எறங்கிக்கிறேன்" என்றேன்.

நீ அப்போது கத்தினாய். என்ன கத்தினாய் என்று இதில் எழுத மாட்டேன். போலீஸ்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து உன்னைத் தரையில் அழுத்தினார்கள். உன் கன்னம் சிமெண்டில் உரசினது. என் கால் தானாக ஒரு அடி முன்னால் போயிற்று. அதை நான் பார்த்தேன், பின்னால் வைத்துக்கொண்டேன்.

உன் அப்பா கை வைத்ததில்லையா என்று கேட்டாய். வைத்தார். ஒரு முறை என் தலையை அம்மிக்கல்லில் மோதினார். நான் போலீசுக்குப் போகவில்லை. மறுநாள் அவர் தூங்கும்போது கொதிக்கிற கஞ்சியை அவர் காலுக்குப் பக்கத்தில் தரையில் ஊற்றினேன். பக்கத்தில்தான். ஒரு சொட்டு கூட மேலே படவில்லை. அதற்குப் பிறகு அவர் அடிக்கவில்லை. மேலே ஊற்றுகிறதும் பக்கத்தில் ஊற்றுகிறதும் ஒன்றா இல்லையா என்று கையில் பாத்திரம் பிடித்திருக்கிறவளுக்குத் தெரியும். அதனால்தான் கை தவறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வாணி என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்தாயானால், அதுவும் இல்லை. கோலாரிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பங்காருபேட்டை தாண்டின பிறகு, "அத்தை, என் பேச்சை அன்னிக்கே நம்பியிருக்கலாம் இல்ல? அவன் எழுதினதைப் படிச்சாத்தான் நம்பணுமா?" என்று கேட்டாள்.  அவள் சொன்னது நியாயம். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். "வெளிச்சத்தை மறைக்காதீங்க, தள்ளி ஒக்காருங்க" என்றாள். தள்ளி உட்கார்ந்தேன். யாரோ ஒரு பெண்ணுக்கு ஆலம் சுற்றுகிறார்கள், அந்த இடத்தை மட்டும் முன்னுக்கும் பின்னுக்குமாக ஓட்டி ஓட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். கோடு விழவில்லை.

கொள்ளி விஷயம். ஊரில் பேசிவிட்டேன். மமதா வைப்பாள். அவளிடம் கேட்டேன், "சரி ஆயா, ஆனா இப்ப சாவாத, பரீச்ச கீது" என்றாள்.

தீர்ப்பு என்ன வரும் என்று தெரியவில்லை. எத்தனை வருஷம் ஆனாலும், முடிகிற அன்றைக்கு எங்கே வருவாய் என்று யோசிக்கச் சொன்னாய். யோசித்தேன். இந்த வீட்டுக் கதவைத் தட்டாதே. நான் இருந்தாலும் திறக்க மாட்டேன். இல்லாவிட்டாலும் திறக்க மாட்டார்கள்.

கோர்ட்டில் உன் சட்டை தோளில் கிழிந்திருந்ததைப் பார்த்தேன். ரெண்டு சட்டை வாங்கி வக்கீல் கையில் கொடுத்திருக்கிறேன். நீலம் ஒன்று, கட்டம் போட்டது ஒன்று. கழுத்து அளவு பழைய அளவுதான், இப்போது தொளதொள என்று இருக்கும். இதற்கு மேல் இந்த வீட்டிலிருந்து உனக்கு எதுவும் வராது. நீ எழுதினால் பிரிக்காமலே திருப்பி அனுப்பச் சொல்லித் தபால்காரரிடம் சொல்லிவிட்டேன்.

ரத்தினம்மா